லுகீமியா என்று எழுதுவதற்கு முன்

1. வால்பாறை எஸ்டேட் மேஸ்திரி ரங்கசாமி, மண்ணீரல் வீங்கி, எங்கள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.
2. டாக்டரம்மா 'மலேரியா' என்று சீட்டெழுதி, ரத்தம் பார்க்க லேபில் என்னிடம் அனுப்பினார்.
3. 'கிருமி இல்லை' என்று இரண்டு முறை எழுதிக்கொடுத்தேன்.
4. இருந்தாலும் மலைக்காய்ச்சல்தான் என்று கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் அவர் ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

ஊர் திரும்புமுன் கடைசியாகப் பார்த்துவிட மூன்றாம் முறை விரலில் குத்தியபோது மேஸ்திரி சிரித்தார். "ஏனுங்க அம்மணி, மலைக் கொசுகூட இத்தன தடவ கடிக்கலீங்க."

மலையிலிருந்து வரும் ரத்தம் என்றால் சிவப்பணுவுக்குள் கிருமியைத் தேடுவது, இல்லையென்றால் ஸ்லைடை எடுத்துவிடுவது: இதுதான் எங்கள் லேப் வழக்கம். சுற்றிலும் வெள்ளணுக்கள் அவிநாசித் தேர்க்கூட்டம்போல் நின்றதை அன்றுதான் கவனித்தேன். எண்ண முயன்றால், எண்ணும் கண்ணாடியின் கட்டங்களில் இடமே இல்லை. சிவப்பணு எண்ணும் பிப்பெட்டில் இன்னும் பத்து மடங்கு நீர்க்கக் கலந்த பிறகே எண்ண முடிந்தது.

லுகீமியா என்றால் வெள்ளை ரத்தம் என்று பொருள். ரத்தம் என்னவோ சிவப்பாகத்தான் இருக்கும். வெள்ளணு கூடியதுமே இந்தப் பெயரை எழுதிவிடவும் கூடாது. சீழ் பிடித்தாலும் கூடும். அதற்கு லூக்கோசைட்டோசிஸ் என்று வேறு பெயர். லுகீமியா என்று எழுத, எலும்பு மஜ்ஜையை விட்டு வெளிவரக்கூடாத பிஞ்சு அணுக்கள் ரத்தத்தில் ஏராளமாகத் திரியவேண்டும். சாயமேற்றிப் பார்த்தேன். திரிந்தன.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"முதல் ரெண்டு ஸ்லைடுலயும் இருந்திருக்குமுங்க. நான் பாக்கல" என்றேன்.

"நான் எழுதுனதத்தானே நீ தேடுன" என்று தம் சீட்டில் மலேரியாவை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார். நேரே வார்டுக்குப் போனார்.

"மேஸ்திரி, மலேரியான்னு நான் சொன்னது தப்புங்க. நாளைக்கு பஸ் ஏற வேண்டாம்."

"டாக்டரு தப்புன்னு சொல்லி இப்பத்தானுங்க கேக்கறேன். அப்ப இது என்ன சீக்குங்க?"

"ரத்தத்துல வெள்ளணு அடங்காமப் பெருகுது. முழுசாத் தீக்க இன்னும் மருந்து கண்டுபுடிக்கலீங்க. மெட்ராஸ்ல எக்ஸ்ரே கதிர் வெச்சா மண்ணீரல் சுருங்கும். கொஞ்ச காலம் நடமாடலாம்."

மேஸ்திரி பஸ்ஸுக்குக் கட்டிவைத்த பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "நடமாடுனாப் போதுங்க. புள்ள கண்ணாலத்தப் பாத்துப்போடுவேன்."

நோயாளியின் முகத்துக்கு நேரே தம் பிழையைச் சொன்ன வேறொரு டாக்டரை நான் கண்டதில்லை. சீட்டில் கேட்டது எதுவானாலும் கண்ணில் படுவது அத்தனையும் எழுதவேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். இப்போது லேப் வழக்கமும் அதுவே.

மெட்ராஸ் போய்வந்த மேஸ்திரிக்கு மண்ணீரல் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மகள் கல்யாணம் நடந்தது. நோய் தீரவில்லை. மாதம் ஒருமுறை ரத்தம் எண்ண வருகிறார். இந்த மாதமும் வந்தார்.