நுண்ணோக்கி அத்தையின் ‘வீட்டுக்காரர்’

ஒரு சொட்டுப் பிசினைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய சில்லு ஒன்றை இறக்கி, நுண்ணோக்கியின் அடியில் தள்ளிவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இனி ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். யாராவது எட்டிப் பார்த்தால், “முறைச்சுப் பாக்காதீங்க, அதுக்குக் கூச்சம்” என்பார். உண்மைக் காரணம் வேறு. அந்தப் பொருள் ஒழுங்குக்கு வர நேரம் பிடிக்கும். அவசரக்காரர்கள் நோண்டியே காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். கூச்சம் என்று சொன்னால் பெரிய படிப்பு படித்தவர்கள்கூடக் கையை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவர் கண்டுபிடித்தது.

ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறை அவருடையது. எல்லாருக்கும் அவர் அத்தை. அவரைவிட மூன்று வயது மூத்த இயக்குநர் ஒருநாள் வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட, “சொல்லுங்க மருமகனே” என்று திரும்பினார். அன்றிலிருந்து இயக்குநருக்கு மட்டும் அவர் ‘மேடம்’.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பழைய நுண்ணோக்கியில் தொடங்கிய வேலை. எதையாவது உற்றுக் கவனித்தால் இடது கண் இப்போதும் தானாக மூடிக்கொள்ளும். புதிதாகக் கடை போட்ட காய்கறிக்காரர் ஒருவர், எடைத்தட்டை அப்படிப் பார்த்த அத்தையைக் கண்டு முகம் சிவந்து, இரண்டு தக்காளியைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். அத்தை விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தக்காளியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அலமாரியில் இருக்கும் புட்டிகளெல்லாம் சிலிக்கோன் வகையறா. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள். குளியலறை ஓட்டையை அடைக்கும் பசைக்கு ஒன்றுவிட்ட உறவு. பதிவேட்டில் முறையான எண் இருக்கும். மூடியில் மட்டும் அத்தை தம் சொந்தபந்தங்களை ஒட்டிவைப்பார். “இது எங்க ஓர்ப்படி. கொஞ்சம் குளிர் பட்டா போதும், விறைச்சுக்கும்.” இன்னொன்று நாத்தனார், எந்தக் குளிரிலும் ஓடிக்கொண்டே இருப்பது. நடுவில் இருக்கும் புட்டி ‘வீட்டுக்காரர்’. “முழிச்சிருக்காரான்னா முழிச்சிருக்கார். தூங்குறாரான்னா தூங்குறார். ரெண்டும் இல்லேன்னும் சொல்லமுடியாது” என்பது அதற்கு அவர் தரும் விளக்கம்.

அந்த வீட்டுக்காரரை நம்பித்தான் ஒரு பெண் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேலை பார்க்கும் கல்லூரியில் வாங்கிய விடுப்பு, முனைவர் பட்டத் தேர்வு நடந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் முதல் கேள்வியிலேயே கையைப் பிசைய வைத்துவிட்டார்.

“திரவப் படிகம்னா ஓடவும் செய்யணும், வரிசையாவும் நிக்கணும். அதுக்கு மூலக்கூறு குச்சி மாதிரி விறைப்பா இருக்கணும். உங்க சங்கிலி துவண்டு விழுது. அது எப்படி வரிசையில நிக்கும்? நீங்க பார்த்தது அரைகுறையா உறைஞ்ச சாதாரணப் படிகம்.”

அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. கண்ணால் பார்த்துவிடலாம் என்று எல்லாரும் அத்தையின் அறைக்கு வந்தார்கள். அதே கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் கதவோரம் இடம் கிடைத்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். இருண்ட வட்டத்தில் வெளிச்சத் திட்டுகள். “படிகம்தான்” என்றார்.

“இருக்கும் சார்” என்று பணிவாக ஓர் ஊசியை நீட்டினார் அத்தை. “மேல இருக்கிற சில்லை லேசாத் தள்ளிப் பாருங்க.”

தள்ளினார். திட்டுகள் உடையவில்லை. தேன் மாதிரி இழுபட்டு, தள்ளிய திசையிலேயே கோடுகோடாகப் படுத்துக்கொண்டன. முன்னைவிடப் பளபளப்பு.

“ஓடுதே. அப்ப திரவம்.”

“திரவம்னா இந்த ஒளிவடிகட்டிக் கண்ணாடிக்கு அடியில இருட்டாத் தெரியணுமே சார்? வரிசையா அடுக்கினதுதானே இதுல மினுங்கும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் முகத்தில் பால் குடிக்கும் குழந்தையின் களங்கமின்மை. அத்தை அடுத்து, அதே தகட்டைச் சூடாக்கிக் காட்டினார். வெளிச்சம் அணைந்து முழு இருட்டு. அதுதான் நிஜத் திரவம். பிறகு, காலையிலேயே தயாராக உறைய வைத்திருந்த இன்னொரு தகட்டை நகர்த்தினார். ஊசி பட்டதும் அது நறுக்கென்று விரிசல் விட்டது. அதுதான் நிஜப் படிகம்.

பேராசிரியருக்கு ஆர்வம் வந்துவிட்டது. புட்டியை எடுத்தவர் மூடியைப் படித்தார். “யாருங்க இந்த வீட்டுக்காரர்?”

“எங்க வீட்டுக்காரர்தான் சார். அவர் கதை இப்ப வேண்டாம்.”

“சரி, ஓடவும் செய்யுது, ஒழுங்காவும் நிக்குது. எப்படி?”

அத்தைக்கு அது அத்துப்படி. மாணவிக்கே அந்தப் பொருளின் எக்ஸ்ரே படங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் இரண்டு கையையும் விரித்தார். “நான் பன்னிரண்டாவதோட நின்னவ சார். எனக்கு என்ன தெரியும்? இந்தப் பொண்ணைக் கேளுங்க.”

இப்போது எல்லாக் கண்களும் அவள் மேல். அத்தையின் இடது கண் மூடியிருந்தது. அது பழக்கமா, நிஜமாகவே கண்ணடித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் உறைந்த தகட்டைச் சுட்டிக்காட்டினாள். “உறைஞ்சதுக்கு எக்ஸ்ரே வரைபடத்துல பத்துப் பன்னிரண்டு கூர்முனை வருது சார். இதுக்கு ஒரே ஒரு முனை, பக்கத்துல ஒரு மேடு. அப்படின்னா சங்கிலிகள் ஒண்ணுக்கொண்ணு சம தூரத்துல, தேன்கூட்டு அறைங்க மாதிரி அடுக்கி நிக்குது. ஆனா ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள்ள முறுக்கிக்கிட்டும் நெளிஞ்சுக்கிட்டும்தான் இருக்கு. விறைப்பா இருந்தாத்தான் வரிசையில நிக்கணும்னு இல்ல சார். துவளுறதும் நிக்கும்.”

பேச ஆரம்பித்தவளை அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முக்கால் மணி நேரம். பேராசிரியர் நின்றபடியே கேட்டு, நின்றபடியே தாளில் கையெழுத்துப் போட்டார். “இதைச் சீக்கிரம் பிரசுரம் பண்ணுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் என்ற சொல் காதில் விழ அவளுக்குச் சற்று நேரமானது. விழுந்ததும் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தையின் கையுறைகள் முழுக்க அந்தப் பிசுபிசுப்பு. பட்டால் புடவையிலிருந்து போகாது. இரண்டு கைகளையும் சரணடைந்தவர் மாதிரி மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தம் மோவாயால் அவள் உச்சந்தலையை மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.