மேசையைச் சுற்றி ஒரு ஷோரோ விழா

தொண்ணூறுகளின் நடுவில் பென்ரோஸ் என்ற புறநகரில் ஒலிக்கருவிகள் திருத்தும் பணிமனையொன்றில் வேலை செய்தேன். நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைக்க ஆண்கள் போவார்கள். அவர்கள் உடைத்துக்கொண்டு வருவதை நான் திருத்துவேன். ஒரு சனிக்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி முதல்முறையாக ஒரு நிகழ்ச்சியை என்னிடம் தந்தார். மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் தேவாலய மண்டபத்தில், பிரேசில்காரரின் ஷோரோ வாத்திய இசை விழா.

"மத்தியானம் வந்து கேட்பேன். சரியாக இருந்தால் இனி வெளிவேலைக்கும் நீ போகலாம்," என்றார்.

முதல் நாளே பட்டியல் எழுதிவிட்டேன். மேடையில் ஆறு கதிரைகள், சபையைப் பார்த்தபடி. ஆளுக்கொரு மைக். நான் எங்கள் தமிழ் ஆட்களின் விழாக்களைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே தனி மைக் கிடைக்காதவர் ஒரு வருடத்துக்கு முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார். காலை ஒன்பது மணிக்குள் எல்லா வரிக்கும் சரி போட்டாயிற்று.

பத்து மணிக்கு வாத்தியக்காரர் வந்தார்கள். மேடையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு தேநீர் மேசையைத் தூக்கிவந்து மண்டபத்தின் நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஒருவரையொருவர் பார்க்க உட்கார்ந்தார்கள். புல்லாங்குழல், மாண்டலின், ஏழு தந்திக் கிட்டார், கஞ்சிரா போல ஒரு தோல் வாத்தியம்.

விழாவை நடத்திய புல்லாங்குழல்காரியிடம் போய், மேடை அவர்களுக்குத்தான் என்றேன்.

"மேடையில் வரிசையாக இருந்தால் கிட்டார்காரனின் விரலை எப்படிப் பார்ப்பேன்?" என்று சிரித்தாள். "ஷோரோ மேசையில்தான். இடையில் யாரும் வாத்தியத்தோடு வந்தால் இன்னொரு கதிரை போடுவோம்."

அப்படியானால் எத்தனை பேர் என்பதுகூட நிச்சயமில்லை.

தேவாலயப் பெண்களோடு ரோல்ஸ் பொரிக்க வந்திருந்த அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தா.

"என்ன பிள்ளை, உவையள் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லே இருக்கினம்?"

"அது அவையின்ர வழக்கம் அம்மா."

"அப்ப மேடையில நிக்கிற மைக் ஆருக்கு? கதிரையளுக்கே?"

ஆறு மைக்கையும் மேசைக்குக் கொண்டுபோனால் பார்வைக்குக் குறுக்கே கம்பிக்காடு. ஒன்றின் சத்தத்தை மற்றது பிடித்து ஊளையிடும். பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். மைக் இரண்டு போதும். மேலேயிருந்து வரவேண்டும். எதில் தொங்கவிடுவது?

மண்டபத்தின் மூலையில் கரப்பந்து வலை கட்டும் கம்பங்கள் நின்றன. மேசைக்கு இருபுறமும் அவற்றை நிறுத்தி, உயரத்தில் கயிறு கட்டி, இரண்டு மைக்குகளை வாத்தியக்காரரின் தலைக்கு மேலே தொங்கவிட்டேன். ஒலிபெருக்கிகளை மேடையிலிருந்து இறக்கி, கடைசி வரிசைகளுக்குப் பக்கத்தில், சத்தம் மைக்குக்குப் போகாமல் பின்சுவரில் பட்டு மெதுவாக வரும்படி, சுவரைப் பார்த்துத் திருப்பினேன். மேசைக்கு அருகே இருப்பவர்கள் வாத்தியத்தையே கேட்கட்டும். தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கைகொடுத்தால் போதும்.

மத்தியானம் முதலாளி வந்தபோது மேசையைச் சுற்றி ஒன்பது பேர். மண்டபம் நிறைந்திருந்தது. அவர் வெறும் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரோரமாக மெதுவாக நடந்து, ஒவ்வொரு மூலையிலும் நின்று கேட்டார். பிறகு என்னருகே குனிந்தார்.

"ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் இருக்கிறாயா?"

ஒலிப்பலகையில் இரண்டு மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளையும் ஒரு மூச்சு நேரம் கீழே இழுத்தேன். கடைசி வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவர் காதருகே கை வைத்தார்.

"ஏற்று, ஏற்று," என்றார் முதலாளி அவசரமாக.

ஏற்றினேன். கழுத்துகள் இறங்கின. முன்வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்தவர்களுக்கு நடந்ததே தெரியாது.

முதலாளி அந்தப் பாட்டு முடியும்வரை நின்றார். "அடுத்த கிழமை மனுகாவில் ஒரு கல்யாணம். வேனை நீ எடுத்துக்கொண்டு போ," என்றார்.

அம்மா ஒரு தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்து முதலில் அவருக்கு நீட்டினா. "மை டோட்டர்," என்று என்னைக் காட்டிச் சொன்னா, அவருக்கு அது தெரியாததுபோல.