பிரேக் பிடிக்காத சிவப்புக் கார்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் நசுங்கலக்கா. காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு வருடம் விபத்துக் கார்களைப் படம் பிடித்தவள். ஒடுங்கிய இடத்தைப் பார்த்தே வண்டி என்ன வேகத்தில் எதில் மோதியது என்று சொல்லிவிடுவாள். நாற்பது வயதில் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் படம் எடுக்கக் கிளம்பினாள். முழுசாக இருக்கிற கார்களையும் கொஞ்சம் பார்ப்போமே என்றுதான்.

நிற்கிற காரை எடுத்தால், "பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பாள். அவள் வழியே வேறு. அண்ணன் ஓட்டும் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, உள்ளே மெத்தையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். இடுப்பில் பெல்ட். கேமரா தரைக்கு ஒரு சாண் மேலே. பின்னால் கார் அதே வேகத்தில் வரும். ஷட்டரை நிதானமாக விட்டால் கார் கத்தி போலத் தெளிவாக விழும். சாலையும் சுவர்களும் கோடு கோடாக ஓடும்.

அன்று காலை பின்னால் வந்தது ஒரு பல் டாக்டரின் சிவப்பு டூ-சீட்டர் கார். அவரைவிட இரண்டே வயது இளையது. விற்பதற்கு முன் நல்லதாக ஒரு படம் வேண்டும் என்றிருந்தார்.

சரிவு தொடங்கியது. "இன்னும் கிட்ட வாங்க சார்!" என்று கையசைத்தாள். வந்தார். பத்தடி. எட்டடி. போதும் என்று கை காட்டினாள். கார் நிற்கவில்லை.

லென்ஸுக்குள் அவர் முகம் வெளிறியது. தோள் ஏறி ஏறி இறங்கியது, பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். கை பிரேக்கையும் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பிடிக்கல! பிரேக் பிடிக்கல!"

அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காலை பிரேக்கில் வைத்தான்.

"அண்ணா, நிறுத்தாத! கார் நமக்கு அடியில பூந்துடும், அவர் தலை போயிடும். வேகத்தைக் கூட்டு!"

"கீழ சந்திப்பு இருக்குடி! பஸ் போகுது!"

"தெரியும். நான் சொல்றப்ப மட்டும் பிடி!"

அப்படி அடியில் புகுந்த கார்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மெத்தையை விட்டு உள்ளே நகர்ந்துவிடலாம். ஆனால் இடைவெளி தெரிவது அவள் ஒருத்திக்குத்தான்.

"சார், ஸ்டியரிங்கை நேரா பிடிங்க! எங்க மேல மெதுவா சாயப் போறீங்க!"

நான்கடி. மூன்று. இரண்டு.

"அண்ணா, இப்ப! பூ மாதிரி பிடி!"

கேமராவை விட்டுவிட்டுக் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரும்பு இரும்பைத் தொட்டு நெரிந்தது. கேமரா நசுங்கிச் சாலையில் உருண்டது. டயர் கருகும் நாற்றம். வேன் முனகியபடி காரைத் தாங்கிக்கொண்டே இறங்கி, சந்திப்புக்கு இருபது அடி முன்னால் நின்றது.

டாக்டரின் விரல்கள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"தினம் முப்பது பேருக்கு 'பயப்படாதீங்க'ன்னு சொல்றேன்மா," என்றார் அவர். "எவ்வளவு லேசா சொல்லியிருக்கேன்!"

அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்து அவளைத் திட்டித் தீர்த்தான். திட்டி முடித்ததும் அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

காரின் மூக்கைச் சரிசெய்ய இரண்டு மாதமாயிற்று. வாங்க வந்தவரிடம் டாக்டர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவளோ வேறு கேமரா வாங்கி, மறுபடி மெத்தையில் படுத்தாள். சமதரையில் மட்டும், மெக்கானிக் பிரேக்கைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு மட்டும்.