டோபகனில் கொண்டுவந்தார்கள்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த காலை நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. கனடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகன் பனிச்சறுக்குக்கு மலைக்குப் போயிருந்தான். அவனோடு போன பந்திங்கைச் சேர்ந்த நண்பன்தான் எழுதியிருந்தான்: "அங்கிள், பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. சறுக்கறப்ப விழுந்துட்டான். டோபகன்ல கீழே கொண்டு வந்துட்டாங்க. அப்புறம் போன் பண்றேன்."

எங்கள் ஆட்கள் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். செலாயாங்கில் என் அண்ணன் இறந்தபோது எனக்கு வந்த சேதி, "லேசா காய்ச்சல், கிளம்பி வா" என்பதுதான். போய் இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து, பயப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கைகால் ஓடாது.

நண்பனை அழைத்தேன். எடுக்கவில்லை. மகனுடைய கைப்பேசி அணைந்து கிடந்தது.

மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். "டோபகன்னா என்னங்க? ஆம்புலன்ஸா?"

ஆயுள் முழுக்கத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். எந்தச் சொல் கிடைத்தாலும் அது எங்கே பிறந்தது என்று சொல்லி ஊரையே அறுத்தவன். அன்றைக்குக் கைப்பேசியை எடுத்து அந்தச் சொல்லைத் தட்டினேன்.

தேடியபோது முதலில் வந்தவை குழந்தைகளின் படங்கள். பலகையில் உட்கார்ந்து பனிமேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து பல்லைக் காட்டிச் சிரித்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அகராதி கிடைத்தது, சத்தமாகப் படித்தேன். கனடாவின் கிழக்குப் பக்கத்துப் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் சொல். பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து, ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. பனியில் இழுத்துச் செல்லும் நீளப் பலகை. சக்கரம் கிடையாது, முன்முனை மேலே சுருண்டிருக்கும். வேட்டையாடிய இறைச்சியையும் வீட்டுச் சுமையையும் அதில் ஏற்றிக் கட்டி இழுப்பார்கள்.

"சுமைன்னா?" என்றாள் மனைவி. "உயிரோட இருக்கறதா, இல்லாததா?"

அகராதியில் அது இல்லை. வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் டீக்கடைக்குப் போய், தே தாரிக் ஆறுகிற வரைக்கும் நண்பர்களை விட்டிருக்க மாட்டேன். அன்றைக்குக் கைப்பேசியையே தூக்கி எறியலாம் போல இருந்தது.

கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது. மலையில் அடிபட்டவர்களை இறக்கவும் இப்போது அதைப் பயன்படுத்துகிறார்களாம். "பாத்தியா, அடிபட்டவங்களத்தான்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

"போட்டோ கேளுங்க" என்றாள்.

மகனின் நண்பனுக்குக் கேட்டு எழுதினேன். கொஞ்ச நேரத்தில் படம் மட்டும் வந்தது, கூட ஒரு வார்த்தை இல்லை. பனிக்கு நடுவே நீளமாக ஓர் ஆரஞ்சு நிறப் படகு போன்ற ஒன்று. சிவப்புச் சட்டைக்காரர் இருவர் அதைப் பிடித்திருந்தார்கள். அதில் ஓர் உடல், கால் முதல் தலை வரை போர்த்தி, வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. முகத்தையும் மூடியிருந்தார்கள்.

முகத்தை எப்போது மூடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். படத்தைப் பார்த்தார். "என் தங்கமே, போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் தோளில் விழுந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. தோசைமாவை எடுத்துக்கொண்டு போய் ஐஸ்பெட்டியில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அப்போது கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, நான்தான். கால்தான் ஒடிஞ்சிருச்சு. பனி மூஞ்சில அடிக்குதுன்னு தலையோட மூடி இழுத்துட்டு வந்தாங்க. என் போனு பனியில விழுந்துருச்சு, கிளினிக் போன்லேர்ந்து பேசறேன்."

என் மகனின் குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நான் பேசாமல் நின்ற அந்த நேரத்தில் கூடத்து ஒப்பாரி முழுவதும் அவன் காதுக்குப் போயிருக்கிறது.

"அப்பா, யாரு அழறாங்க? பக்கத்து வீட்டு அக்காவா? யாரு போயிட்டா?" அவன் குரல் மாறியது. "அம்மா எங்க? அப்பா, பேசுங்கப்பா! அம்மா எங்க?"

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. எழுந்திருக்காதே, படு என்று ஒரு பெண், நர்ஸாக இருக்கும், ஆங்கிலத்தில் அதட்டினாள். வளர்ந்த ஆண்பிள்ளை, எனக்கு மேல் உயரம், "என்னால வர முடியாதேப்பா, அம்மாவப் பாக்க முடியாதே" என்று கதறினான். இல்லையடா என்று சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

கைப்பேசியை மனைவியின் காதில் வைத்து அழுத்தினேன். முதலில் தட்டிவிட்டாள். பிறகு கேட்டாள். அவிழ்ந்த கூந்தலை ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த அழுகையை அவள் எவ்வளவு நேரம் கேட்டாளோ.

"இருக்கேன்டா" என்றாள். "அம்மா இருக்கேன்டா."