வாசலுக்குள் நுழையாத கட்டில்

மூன்று வருடங்களுக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், கோலார் தங்கவயலில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. மாரிகுப்பம் பக்கம் லைன் வீடு எங்களுடையது. சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் லைன் வீடு என்கிறோம். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரு சுவர். ஒல்லியான ஆள் என்றால் தாராளமாக வாசலில் நுழையலாம். என்னை மாதிரி ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

சுரங்கம் மூடுகிற வரைக்கும் நான் பூமிக்குள் டிம்பர்மேனாக இருந்தவன். தோண்டிய இடம் சரிந்துவிடாமல் மரத்தூண்களை நிறுத்தி, குறுக்கே சட்டம் போட்டு, இடுக்கில் ஆப்பு அடித்து இறுக்குகிற வேலை. மூடின பிறகு ஊரில் பாதிப் பேர் மாதிரி நானும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போனேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. கேட்டைத் திறப்பேன், கேட்டை மூடுவேன். மரத்தோடு எனக்கு இருந்த உறவெல்லாம் அறுந்துபோனது. உட்காரக் கொடுத்த நாற்காலிகூட பிளாஸ்டிக்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது என் மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தரையில் உட்காரவே கூடாது, பாயில் படுக்கவே கூடாது, நல்ல உயரமான கட்டில் வேண்டும், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள தலைமாட்டில் உறுதியான பலகை வேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் கட்டிலே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குப் பாய்தான்.

கடைகளில் தேடினேன். மடக்குக் கட்டில்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. மற்றதெல்லாம் பெங்களூர் பங்களாவுக்குச் செய்த மாதிரி அகலம். கடைசியில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மரப்பட்டறைக்குப் போனேன். அக்காவும் தம்பியுமாக நடத்துகிற பட்டறை அது. அந்த அம்மா என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். உளி பிடிக்கிற கை, பேசும்போதும் சும்மா இருக்காது. நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

"டிம்பர்மேனா இருந்துட்டு ரெடிமேட் கட்டிலு தேடினு கீறீங்களே! வாங்கண்ணா, எங்க கூடவே நின்னு நீங்களே செய்ங்க. நாங்க சொல்லித் தரோம். ஆனா மொதல்ல வூட்டுக்குப் போய் வாசலை அளந்துனு வாங்க."

படுக்கப்போகிற ஆளை அளக்காமல் வாசலை அளக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். லைன் வீடுகளுக்கு மரச்சாமான் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் முதல் பாடமாம். இந்த வாசல்களில் முழுக் கட்டிலும் நுழையாது, முழு அலமாரியும் நுழையாது. அதனால் அவர்கள் ஆணியும் அடிப்பதில்லை, பசையும் போடுவதில்லை. சட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் விட்டு, மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிற நாக்கில் ஓர் ஆப்பைச் செருகி லேசாகத் தட்டுவார்கள். தட்டினால் கட்டில். எதிர்ப்பக்கம் தட்டினால் தலைமாடு, கால்மாடு, இரண்டு நீளச் சட்டம், கொஞ்சம் பலகை. துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே பூட்டிவிடலாம்.

வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். பழக்கத்துக்கு முதலில் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னார்கள். செய்து முடித்தேன். அதைத் தூக்குவதற்கு நானும் தம்பியும் சேர்ந்து மூச்சுப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணா, இது மேல மனுஷன் உட்காரப் போறானா, மலை உட்காரப் போவுதா?"

என்ன செய்வது, என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூமிக்குள் மரம் மெல்லிசாக இருந்தால் உயிர் போய்விடும். இங்கே தடிமனாக இருந்தால் சிரிக்கிறார்கள். தம்பிதான் பொறுமையாக என் கையைப் பிடித்து இழைப்புளியை எப்படிச் சாய்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினார். வேப்பமரம் சுருள் சுருளாக இழைந்து விழும்போது வருகிற வாசனையை நாள் முழுக்க மூக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வெகு நாள் கழித்து எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்கிற சந்தோஷம். சொல்லிக் காட்டத் தெரியவில்லை, சாப்பாடு ருசித்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். நாலைந்து நாள் கழித்து, மறுநாள் மதியத்துக்குள் அழைத்துக்கொண்டு வந்துவிடுவதாகப் போன் செய்தாள். கட்டிலும் தயார். அன்று சாயங்காலம் பட்டறையில் அதை முழுதாகப் பூட்டிப் பார்த்தேன். அக்காவும் தம்பியும் வேறு வேலையாகப் பேத்தமங்களாவுக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் ஆப்புகளைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. இவ்வளவு லேசாகத் தட்டின ஆப்பை நம்பி, புது எலும்பு வைத்த ஒருத்தியைப் படுக்கவைப்பதா? கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்து நாலு ஆப்பையும் ஓங்கி அறைந்தேன். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஊற்றி ஊற்றி ஊறவைத்தேன். சுரங்கத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஊறின ஆப்பு உப்பி இறுகிக்கொள்ளும், பாறையே வந்து அழுத்தினாலும் அசையாது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் தம்பி வண்டியோடு வந்து கட்டிலைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. "பிரிக்க வேணாம் தம்பி, சாய்ச்சு உள்ள வுட்டுக்கலாம்" என்று பெரிய அனுபவசாலி மாதிரிச் சொல்லிவிட்டு அப்படியே ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலில் இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்தோம், தலைமாட்டுப் பலகை இடித்தது. நிமிர்த்தினோம், நிலை இடித்தது. காலை முதலில் விட்டோம், பாதி உள்ளே போய் நடுச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதை வெளியே இழுப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. லைன் முழுக்கக் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் கூரைத் தகட்டைப் பிரிக்கலாம் என்றார். எதிர்வீட்டுக்காரர் சுரங்கக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டை, அதாவது கேஜை, ஓட்டினவர். பூமிக்குள் போகிற ஆளும் மரமும் அவர் கையால்தான் இறங்க வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார்.

"கேஜுக்குள்ள போற மாதிரி டிம்பரு வெட்டத் தெரிஞ்சுது. சொந்த வூட்டுக்குள்ள போற மாதிரி ஒரு கட்டிலு செய்யத் தெரிலயா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. தம்பி போன் போட்டு அக்காவை வரச்சொன்னார். அந்த அம்மா வந்து ஆப்பைச் சுண்டிப் பார்த்தார், கறுத்திருந்த மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, தண்ணி ஊத்தினீங்களா?"

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. இப்போது அடித்தால் ஆப்போடு சேர்ந்து நாக்கும் பிளந்துவிடும், மரம் காய வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் பிடித்து வந்த வாடகைக் கார் லைனுக்குள் திரும்பியது.

மனைவி பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பெங்களூரிலிருந்து பள்ளத்திலும் மேட்டிலும் குலுங்கி வந்தவள். முகம் வெளுத்துப்போயிருந்தது. இனி ஒரு நிமிடம்கூட உட்கார முடியாது, எங்கே படுப்பது என்று மகள் கேட்கிறாள். அக்கம்பக்கத்தில் எந்த வீட்டிலும் அவ்வளவு உயரத்தில் ஒரு கட்டில் இல்லை. இருந்த ஒரே கட்டில் தெருவில் நின்றது. நான் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். கார் கண்ணாடி வழியாக அவளே எல்லாவற்றையும் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"ஏங்க, கட்டிலு இங்க கீது, நானும் இங்க கீறேன். அப்பால இன்னா யோசனை? மெத்தையப் போடுங்க."

போட்டோம். மகளும் பக்கத்து வீட்டுப் பெண்களுமாக அவளை இறக்கி, மெதுவாக நடத்தி, கட்டிலில் படுக்கவைத்தார்கள். நடுத்தெருவில், நடுமதியத்தில். அவள் காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். நான் தலைமாட்டில் நின்று அசடு வழிந்துகொண்டே, உள்ளே கொண்டுபோக ஏதாவது வழி செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வலியில் ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை என்று மகள் மெல்லச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். யாரோ ஒருவர் தார்ப்பாயைக் கொண்டுவந்து மின்கம்பத்துக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவில் கட்டினார். பட்டறை அம்மா அதை இப்படி இழுங்கள், அப்படி இழுங்கள் என்று கையாலேயே ஜாடை காட்டினார். படுத்திருக்கிறவள் மேல் நிழல் விழ வேண்டும், நாலு மூலையிலும் ஆப்பு மேல் வெயில் விழ வேண்டும். சூரியன் நகர நகர பெண்கள் வந்து தார்ப்பாயின் கயிற்றை மாற்றிக் கட்டினார்கள். எந்த நேரமும் ஒலிபெருக்கியில் தக்காளியைக் கூவுகிற காய் வண்டிக்காரர், லைன் முனையிலேயே அதை நிறுத்திவிட்டு வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார். பைக்கில் வந்தவர்கள் இறங்கி உருட்டினார்கள். கேஜ் ஓட்டினவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கிட்டே வந்த நாய்களையெல்லாம் கையை ஓங்கியே விரட்டினார். பட்டறை அம்மாவுக்கு வேறு வேலை இருந்தது, ஆனாலும் போகவில்லை. எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து மோர் குடித்தார். நான் பண்ணின வேலைக்கு எல்லோரும் என்னைப் பிய்த்து எடுத்திருக்க வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் கண் விழித்தாள். "நல்லா தூங்கிட்டேன்" என்றாள். மாரிகுப்பம் பக்கம் வேறு யாராவது தெருவில் இவ்வளவு மரியாதையோடு தூங்கியிருப்பார்களா என்று தெரியவில்லை. டீ குடித்தாள், வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். பட்டறை அம்மா ஆப்பைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார். கொட்டாப்புளியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க அடிச்ச ஆப்பு. நீங்களே எடுங்கண்ணா."

வாங்கிக்கொண்டு கட்டில் காலருகே உட்கார்ந்தேன். ஓங்கினேன். கை இறங்கவில்லை. மறுபடி ஓங்கினேன், மறுபடியும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருட வேலையில் நான் ஆப்பு அடித்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூட எடுத்ததில்லை. பூமிக்குள் அடித்த ஆப்பை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுப்பது என்றால் மேலே இருக்கிற பாறையை வா என்று கூப்பிடுவது. அந்தப் பயம் மூளையில் இல்லை, முழங்கையில் இருந்தது. இது வெறும் கட்டில் என்று தெரிந்தும் என்னால் முடியவில்லை. சுற்றி நின்றவர்களில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும், யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஏங்க," என்றாள் என் மனைவி, "நான் நின்னுனு கீறேன்."

அவ்வளவுதான். அவள் கால் எவ்வளவு நேரம் தாங்கும்? கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். டக்கென்று ஆப்பு தெறித்து விழுந்தது.

அந்த நொடியில் அங்கே நின்ற பழைய சுரங்க ஆட்கள் அத்தனை பேரும், கேஜ் ஓட்டினவர் உட்பட, சட்டென்று பின்னால் நகர்ந்து தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மேலே தார்ப்பாய், அதற்கும் மேலே சிவந்துகொண்டிருந்த வானம். ஒரு காக்கை போயிற்று. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது என் மனைவிதான். வாக்கரைப் பிடித்தபடி, தையல் வலிக்கிறது, சிரிக்கவைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள். அப்புறம் லைனே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மீதி மூன்று ஆப்புகளையும் கண்ணைத் திறந்துகொண்டே தட்டி எடுத்தேன். ஆளுக்கொரு துண்டாக உள்ளே கொண்டுபோய், டீ டம்ளர் காய்வதற்குள் பூட்டி, லேசாகத் தட்டி, அவளைப் படுக்கவைத்துவிட்டோம். கட்டில் அசையவில்லை.

இப்போது அவள் வாக்கர் இல்லாமல் கடைக்குப் போய்வருகிறாள். நான் அதே பட்டறையில் வேலை செய்கிறேன். நிறைய லைன் வீடுகளுக்கு நானே கட்டில் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். சுரங்கம் மூடின அன்று கேஜில் ஏறி மேலே வந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே நான் மேலே வந்து சேர்ந்தது, ஓர் ஆப்பைத் தட்டி எடுத்த பிறகும் தலையில் ஒன்றும் விழாத அந்தச் சாயங்காலம்தான்.