பார்த்தேன் என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். "பார்த்தேன்" என்றேன். நான் பார்க்கவில்லை.

முதலில் முடிவை எழுதிவிட்டு, பிறகுதான் விவரம் எழுத வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் படிந்த பழக்கம். மீதியைப் படிக்கும்போது நடுவில் எங்காவது என்மேல் உங்களுக்கு இரக்கம் வந்தால், தயவுசெய்து முதல் வரிக்குத் திரும்பிவிடுங்கள்.

அடையாறில் ஓர் ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை. கடல்நீரைக் குடிநீராக்கும் பிரிவு. அங்கே பொறியியல் படித்த பெண் நான் ஒருத்திதான். எங்கள் தட்டச்சர் ஸ்டெல்லா, சாந்தோம் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று வயது இளையவள். 'வசந்தாக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், குவைத்தில் நடந்த தொழில் மாநாட்டில் வாசிக்க என் கட்டுரை தேர்வாயிற்று. ஐந்து நாள் பயணம்! அந்தக் கட்டுரையை ஸ்டெல்லா நான்கு முறை தட்டச்சு செய்தாள். ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது ஓர் அட்டவணையை மாற்றுவேன். அவள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு, கார்பன் தாளைச் செருகிக்கொண்டு மறுபடியும் உட்காருவாள். முகம் சுளித்ததில்லை.

பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

ஜோசப் என்பவனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகியிருந்தது. அவன் குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வெல்டர். எட்டு மாதமாகக் கடிதமே இல்லை. இதற்கிடையில் பரங்கிமலையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டார் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அவ்வளவு காலம் காத்திருக்க ஆசிரியர் வீட்டாருக்கு மனமில்லை.

"அவரை நேர்ல பார்த்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கக்கா. மனசு மாறியிருந்தாலும் பரவாயில்ல, நான் அழ மாட்டேன். வாத்தியார் வீட்டுக்கு ஓலை குடுக்கலாமா வேணாமான்னு தெரிஞ்சா போதும்" என்றாள். கேம்ப் முகவரியைத் தட்டச்சு செய்தே கொடுத்தாள்.

பாண்டி பஜாரில் பெட்டி வாங்கி வந்த அன்று பட்டியல் போட்டேன். பட்டியல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது. இந்தப் பயணத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்ற வெறி... எல்லா அமர்வுகளிலும் உட்காருவது, ஜெர்மானிய நிபுணரிடம் பேசுவது, ஆவியாக்கும் நிலையத்தைப் பார்ப்பது, டேப்ரிக்கார்டர், அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, தம்பிக்குக் கைக்கடிகாரம். பதினோராவதாக எழுதினேன்: 'ஸ்டெல்லா — கேம்ப் போக வேண்டும்.'

போக வேண்டும் என்று எழுதினேன், கவனியுங்கள். பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை.

குவைத்தில் முதல் மூன்று நாளில் பட்டியல் மளமளவென்று நிறைந்தது. என் கட்டுரைக்குக் கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, என் பெயரை அந்நிய தேசத்தார் தப்பும் தவறுமாக உச்சரிப்பதைக் கேட்டு மயங்கிப் போனேன்!

நான்காம் நாள் மதியம் டாக்ஸி பிடித்துக் கேம்புக்குப் போனேன். கம்பி வேலி, தகரக் கூரைகள், கொடியில் வரிசையாக நீலச் சட்டைகள். வாசலில் ஒரு மலையாளக் காவலாளி.

"ஜோசப்பா? இவிட ஏழெட்டு ஜோசப் உண்டு. ரெண்டு மணிக்கு ஷிப்ட் விடும். வெயிட் செய்யூ" என்றார்.

மணி ஒன்று நாற்பது. இருபது நிமிடம்... ஆனால் இரண்டரை மணிக்கு, மாநாட்டுக்கு வந்தவர்களையெல்லாம் படகில் ஏற்றிக் கடலுக்குள் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த ஜெர்மானியரும் வருகிறார். திரும்பிப் போகவே அரை மணிக்கு மேல் ஆகும்.

டாக்ஸியைத் திருப்பச் சொன்னேன்.

படகில் வறுத்த மீன் கொடுத்தார்கள். நான் சைவம், பேரீச்சம்பழம் தின்றேன். கடல் அழகாகத்தான் இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன்: அன்று ஸ்டெல்லாவின் நினைவு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

திரும்பும் விமானத்தில் பட்டியலை எடுத்தேன். பதினோராவது வரி மட்டும் வெறுமையாக நின்றது. யோசித்தேன். கேம்ப் போக வேண்டும்... போனேன் அல்லவா? பேனாவைத் திறந்து 'டிக்' போட்டேன். படித்தவளின் மூளை தன்னை ஏமாற்றிக்கொள்ள எவ்வளவு நேர்த்தியான வழி கண்டுபிடிக்கிறது!

அலுவலகத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாம்மா, ஷேக்கு ஒட்டகம் ஒண்ணும் குடுத்தனுப்பலியா? நான் கட்டிப்போட இடம்லாம் பாத்து வச்சிகினு கீறேன்" என்றார் டெஸ்பாட்ச் முனுசாமி. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, கோப்பு அறைக்குள் என் பின்னால் வந்தாள்.

"பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன்."

ஏன் சொன்னேன்? நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கையில் அவளுக்காக வாங்கிய சென்ட் பாட்டில் இருந்தது. கடைக்குப் போக நேரமிருந்ததா என்று அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனாலும் அந்தப் பாட்டில் கேட்டுவிடும் போலிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"வேலை அதிகமாம். கடிதம் எழுத முடியலையாம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொன்னார்."

இருப்பதிலேயே தீங்கில்லாத பதில் அதுதான் என்று கணக்குப் போட்டேன். அவனுக்கு நானே ஒரு கடிதம் எழுதி உண்மையை வரவழைத்துவிடலாம், அதுவரை தாங்கும் என்று. அந்தக் கடிதத்தை அன்றே எழுதினேன். பதில் வரவில்லை. மறு கடிதம் நான் எழுதவில்லை.

ஸ்டெல்லா ஆசிரியர் வீட்டுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். இரண்டே வாரத்தில், அவள் பாட்டுக் குழுவில் நிற்கும் கோயிலிலேயே, அதே ஆசிரியருக்கும் அவள் தெருப் பெண் ஒருத்திக்கும் ஓலை வாசித்தார்களாம். "நல்ல மனுசன்க்கா, நல்லா இருக்கட்டும்" என்றாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை. காத்திருக்கச் சொல்லத்தான் ஒருவன் இருக்கிறானே!

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... சொல்லவில்லை.

ஆவணி மாதம் அவளுடைய பெரியம்மா மகன் அந்தோணி குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தான். அவனும் அதே கேம்ப்; வீட்டுக்குக் கடிதம் எழுதும் பழக்கமில்லாதவன். மறுநாள் காலை ஸ்டெல்லா என் மேசை முன் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அந்தோணி அண்ணன் என்னென்னமோ உளறுதுக்கா. அவரு போன வருசமே அந்தக் கம்பெனிய விட்டுட்டாராம். பஹ்ரைன்ல ஒரு நர்ஸ கட்டிக்கிட்டாராம். பொறாமை பிடிச்சது! அதுக்கு அவரக் கண்டாலே ஆகாது. நீங்க கண்ணால பார்த்தவங்க. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

உண்மை தானாகவே கப்பலேறி வந்து அவள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. என் சொல்லை வைத்து அவள் அதை விரட்டுகிறாள்! நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட அந்த வீட்டில் அது ஜெயித்திருக்கும்.

நான் போனேன்.

சின்ன வீடு. ஸ்டெல்லாவின் அம்மா காபி கொடுத்தார். அந்தோணி சுவரோரம் நின்றான். வெயிலில் கறுத்த முகம், கையில் தீப்புண் தழும்புகள்.

"மேடம், அவன் பெட்டிய வண்டியில தூக்கி வச்சதே நான்தான். நீங்க எந்த ஜோசப்பப் பார்த்தீங்க?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் கேட்கிறேன்... அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் எனக்கு யாரும் திறந்து வைக்கப் போவதில்லை. ஆள் மாறிப்போயிற்று போலிருக்கிறது என்று சொல்லிக்கூடத் தப்பியிருக்கலாம். அவளும் தப்பியிருப்பாள்.

"நான் பார்த்த ஜோசப் ஸ்டெல்லாவைப் பற்றித்தான் பேசினார்" என்றேன்.

"கேட்டியாடா?" என்றார் அம்மா. "சொந்தத் தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட வந்தியே!"

அந்தோணி என்னை நீண்ட நேரம் பார்த்தான். கோபம் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறாள் இந்தப் பெண் என்ற வியப்புதான். "சரிங்க மேடம். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்த விடுமுறை முடியும்வரை அவனை அந்த வீட்டில் சேர்க்கவில்லையாம். அடுத்த விடுமுறைக்கு அவன் அங்கே வரவே இல்லை.

இரண்டு வருடம் ஆகிறது. நான் துணை விஞ்ஞானியாகிவிட்டேன். ஸ்டெல்லா இன்னும் என் கட்டுரைகளைத் தட்டச்சு செய்கிறாள். இதை மட்டும் கையால் எழுதுகிறேன்.

போன வாரம் வரைவுத் தாள்களைக் கொடுக்க வந்தவள், போகாமல் நின்றாள். ராயபுரத்திலிருந்து ஒரு வரன் வந்ததாம். ரயில்வேயில் வேலையாம்.

"வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. குவைத்துல இருக்கறவருக்கு வாக்கு குடுத்த மாதிரி ஆயிடுச்சில்ல?"

"அப்படியா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருப்பதாகக் காட்டி, தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.