பிரேக்கில் விட்ட ஒரு சொட்டு

நாற்பது வருடமாகத் தையல் மெஷின் பழுது பார்ப்பவர் அவர். எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும், "ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க, அப்புறம் பேசலாம்" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் 'ஒருசொட்டு'. அவருக்கும் அதில் வருத்தமில்லை. பத்துக்கு எட்டு மெஷின் அந்தச் சொட்டுக்கு மசிந்துவிடுமே!

அதே வைத்தியத்தைத் தன் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் பார்த்ததுதான் வினை. முன்பிரேக் பிடித்தால் கிரீச்சென்று கத்தியது. மனிதர் பழக்க தோஷத்தில் எண்ணெய்க் குப்பியின் மூக்கை உள்ளே நுழைத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, சத்தம் அடியோடு நின்றது. வண்டிதான் நிற்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வேறு ஆயில் ஒழுகித் தொளதொளவென்று கிடந்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போய் முட்டியது. பின்னால் இருந்த மனைவிக்கு நல்ல காலம், அடி எதுவுமில்லை. ஆனால் ஆபீஸ் போகும் உடுப்போடு பாதி உடம்பு தொட்டிக்குள் இருந்தது.

"இனிமே இந்த வண்டியில ஏறினா ஏன்னு கேளுங்க" என்றார் மனைவி. மறுநாள் முதல், வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசுக்குப் பஸ்தான்.

இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் அந்தப் பின்சீட்டிலிருந்துதான் ஆபீஸ் கதையெல்லாம் ஒருசொட்டின் காதில் விழும். சாயங்காலம் களைத்து வருபவரிடம் வாயைக் கிளறினால் "உம்" என்பதோடு சரி. அந்தப் பேச்சில்லாமல் ஒருசொட்டுக்கு நாளே விடியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம்.

உதிரிபாகக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, எண்ணெய் ஃபோர்க்ல இருக்கணும், பிரேக்ல இருக்கவே கூடாது. நீங்க மாத்தி வச்சிருக்கீங்க!"

ஞாயிற்றுக்கிழமை ஒருசொட்டு வாசலில் சாக்கை விரித்தார். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் உருவினார். உள்ளேயிருந்து டிகாஷன் நிறத்தில் கொஞ்சம் ஆயில் வந்தது. மறுபடி ஒழுகாமலிருக்கப் புது ஆயில் சீல் போட்டு, மருந்து அளக்கும் கிளாசால் இரண்டு காலுக்கும் ஒரே அளவு ஆயில் ஊற்றினார். எண்ணெய் ஊறிய பழைய பிரேக் ஷூவுக்குப் பதில் புதுசு வாங்கியிருந்தார். அதைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பிறகு என்ன தோன்றியதோ, எண்ணெய்க் குப்பியைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

"வேலை முடியற வரைக்கும் இத எங்கயாவது ஒளிச்சு வைம்மா. என் கைய நம்ப முடியல."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை அவரே ஹெல்மெட்டோடு வந்து நின்றார். "பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். ஆட்டம் காட்டினா இறங்கிப் போயிட்டே இருப்பேன்."

கைப்பையை நடுவில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். இறக்கத்தில் சிக்னல் விழுந்தது. ஒருசொட்டு பிரேக்கைப் பிடித்தார். வண்டி லேசாகக் குனிந்து நிமிர்ந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. ஒருசொட்டு கண்ணாடியைத் திருப்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

ஸ்டாப்பில் நிறுத்தினார். பஸ்ஸும் வந்தது.

"பஸ் வந்துடுச்சும்மா."

"தெரியுது."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. கைப்பை நடுவிலிருந்து மடிக்கு மாறியது.

"மெதுவாவே ஓட்டுங்க" என்றார் மனைவி. "எங்க வக்கீல் பண்ண கூத்து ஒண்ணு ரெண்டு இல்ல."